செம்புத் தண்ணீரும் கொழுப்புத் தோட்டாவும்

புதிதாக ரைஃபிள் வாங்கியவர்கள் அதை உடனே போட்டிக்கு எடுத்துக்கொண்டு போவதில்லை. குறிபார்த்துச் சுடுவதில் ஆர்வம் கொண்ட அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும் பலர் முதலில் குழலைப் 'பழக்குகிறார்கள்'. ஒரு தோட்டா சுடுவார்கள், குழலைத் துடைப்பார்கள். இன்னொன்று சுடுவார்கள், மறுபடியும் துடைப்பார்கள்.

காரணம் எளிமையானது. குழலைத் துளைத்து அதற்குள் வரிப்பள்ளம் வெட்டிய கருவி, கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உள்ளே விட்டுச் செல்கிறது. குண்டின் மேலுறை செம்பால் ஆனது. அது போகும் வேகத்தில் அந்தக் கீறல்களில் உரசி ஒட்டிக்கொள்கிறது. அம்மோனியா கலந்த திரவத்தில் துணியை நனைத்து உள்ளே விட்டு இழுத்தால், செம்பு கரைந்து துணி நீலமாக வெளியே வரும். நீலம் குறையக் குறையக் குழல் பழகிவிட்டது என்று அர்த்தம். இதெல்லாம் வெறும் சடங்கு, நல்ல குழலுக்கு இது தேவையே இல்லை என்று சொல்லும் நிபுணர்களும் உண்டு.

இவர்களில் பலர் தோட்டாவையும் கையாலேயே செய்துகொள்கிறார்கள். சுட்டு முடிந்த பித்தளைக் கூட்டை எடுத்து, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். செத்த கேப்பைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதை வைக்கிறார்கள். மருந்தை கிரெய்ன் கணக்கில் நிறுத்துப் போட்டு, மேலே குண்டைப் பொருத்துகிறார்கள். 7000 கிரெய்ன் சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு என்றால், எவ்வளவு நுணுக்கமான நிறுவை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். புதிய குழல், கையால் செய்த தோட்டா, குழலுக்குள் சேரும் அழுக்கு. இந்த மூன்றும் சேர்ந்துதான் 1857-இல் இந்த நாட்டைப் பற்றவைத்தன என்று பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பாடத்தில் ஒரு ஆள் விடுபட்டுப் போயிருக்கிறார். அவர் கேட்டது ஒரு வாய்த் தண்ணீர்.

குழலுக்குள் என்ன பிரச்சினை?

கம்பெனிச் சிப்பாய்கள் அதுவரை தூக்கிச் சுமந்தது 'பிரவுன் பெஸ்' என்ற பழைய மஸ்கெட். அதன் குழல் உள்ளே வழுவழுப்பாக இருக்கும். வாய் அகலம் முக்கால் அங்குலம். குண்டு அதைவிடச் சற்றுச் சிறியது, ஆகவே லொடலொடவென்று உள்ளே இறங்கிவிடும். வெளியே வரும்போதும் அப்படித்தான் தட்டிமோதிக்கொண்டு வரும். நூறு கஜத்துக்கு மேல் ஒரு ஆளைக் குறிவைத்து அடிப்பது குருட்டு அதிர்ஷ்டம்.

1853-இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட என்ஃபீல்டு ரைஃபிள் வேறு வகை. 39 அங்குலக் குழலுக்குள் மூன்று வரிப்பள்ளங்கள் திருகாணிபோல் சுற்றிச் செல்லும். குண்டின் அடிப்பாகம் குழிவாக இருக்கும். வெடிக்கும்போது அந்தக் குழி விரிந்து ஈயம் பள்ளங்களைக் கவ்விக்கொள்ளும், குண்டு சுழன்றுகொண்டே பறக்கும். பல நூறு கஜத் தொலைவுக்குக் குறி தப்பாது.

ஆனால் இதிலும் தோட்டாவைக் குழலின் வாய்வழியாகத்தான் திணிக்கவேண்டும். குழலின் உள்விட்டம் 0.577 அங்குலம். முதலில் வந்த குண்டின் விட்டம் 0.568 அங்குலம். இடைவெளி ஒரு அங்குலத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் காலத்துக் கருமருந்தோ எரிந்தபின் தன் எடையில் பாதிக்கு மேல் கரியும் உப்புமாக விட்டுச் செல்லும். பத்துப் பதினைந்து முறை சுட்டால் பள்ளங்கள் அடைத்துக்கொள்ளும், அடுத்த குண்டு இறங்காது. இன்றைய ஆள் ஒவ்வொரு தோட்டாவுக்கும் நிறுத்தித் துடைக்கலாம். போர்க்களத்தில் யார் துடைப்பது?

அதற்குக் கண்டுபிடித்த வழிதான் கொழுப்பு. தாளைக் குழாயாகச் சுருட்டி, ஒரு பக்கம் இரண்டரை டிராம் மருந்து, மறுபக்கம் 530 கிரெய்ன் எடையுள்ள ஈயக் குண்டு. குண்டு இருக்கும் பக்கத்தை விலங்குக் கொழுப்பும் மெழுகும் கலந்த உருக்கில் தோய்த்துவிடுவார்கள். சிப்பாய் தாளின் மறுமுனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, கொழுப்பு தடவிய முனையை வாயில் செருகி, மீதித் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, இரும்புக் கோலால் இடித்து இறக்குவார். கொழுப்புப் பூச்சு ஒவ்வொரு முறையும் முந்தைய கரியை இளக்கிவிடும். இந்திய வெயிலில் அந்தக் கொழுப்பு உருகித் தாளில் ஊறிப்போய்க் குண்டு இறங்கச் சிரமப்பட்டது, பிறகு குண்டின் விட்டத்தையே 0.55 அங்குலமாகக் குறைத்தார்கள் என்பது தனிக்கதை.

தோட்டா இயந்திரத்தில் வரவில்லை. தாளை வெட்டிச் சுருட்டுவது, ஈயத்தை உருக்கி வார்ப்பது, கொழுப்பைக் காய்ச்சித் தோய்ப்பது எல்லாம் கூலிகளின் கைவேலை. மாட்டுக் கொழுப்பும் செத்த விலங்கும் இந்த நாட்டில் யார் கைக்கு ஒதுக்கப்பட்டவை என்று நமக்குத் தெரியாதா என்ன?

டம்டமில் ஒரு செம்பு

கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம். அங்கே கம்பெனியின் ஆயுதக் கிடங்கும் தோட்டாச் சாலையும் இருந்தன. புதிய ரைஃபிளைக் கையாளப் பழக்கும் பயிற்சி நிலையமும் அங்கேதான். பல படைப்பிரிவுகளிலிருந்து சிப்பாய்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தார்கள். வங்காளப் படையின் காலாட்படையில் அவத், பீகார் பகுதிகளின் பார்ப்பனர்களும் ராஜபுத்திரர்களும் நிறைந்திருந்தார்கள். அவர்களுடைய சாதி ஆசாரத்தைக் கம்பெனி பல ஆண்டுகளாகப் பொத்திப் பாதுகாத்து வந்தது.

1857 ஜனவரி. கிடங்கில் வேலை செய்த ஒரு கலாசி, பார்ப்பனச் சிப்பாய் ஒருவரிடம் அவருடைய செம்பிலிருந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். தொட்டால் செம்பு தீட்டாகிவிடும் என்று சிப்பாய் மறுத்தார். கலாசி சும்மா போகவில்லை. மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டாவைக் கடிக்கப் போகிறீர்கள், அப்போது உங்கள் சாதி எங்கே போகும் என்ற பொருளில் திருப்பிக் கொடுத்தார். பயிற்சி நிலையத்தின் அதிகாரி ரைட் ஜனவரி 22-ஆம் நாள் இதை எழுத்தில் பதிவு செய்தார். பாரக்பூரில் இருந்த தளபதி ஹியர்சி மேலிடத்துக்கு அனுப்பினார். அரசாங்கத் தாள்களில் சிப்பாய்களின் அச்சம் இப்படித்தான் முதன்முதலாக ஏறுகிறது.

அந்த அறிக்கையில் கலாசியின் பெயர் இல்லை. பின்னாளில் வட இந்திய தலித் சிறுவெளியீடுகளும் நாடகங்களும் அவரை மாதாதீன் என்று அழைத்தன. 1857-இன் முதல் பொறி மங்கள் பாண்டே அல்ல, மாதாதீன்தான் என்று வாதாடின. பெயருக்குக் காலனியக் கோப்பில் சான்று கிடையாது. ஆனால் ஒரு கலாசி இருந்தார், தாகம் எடுத்தது, கேட்டார், மறுக்கப்பட்டார் என்பதற்குச் சான்று அந்தக் கோப்பேதான். பெயர் எழுதாமல் விட்டது நம் குற்றமா?

கம்பெனிக்கு இது தெரியாமல் நடந்ததல்ல. 1853-லேயே முதல் கொழுப்புத் தோட்டாக்கள் வெயிலில் எப்படித் தாங்குகின்றன என்று பார்க்க இந்தியாவுக்கு வந்தன. சாதியைப் புண்படுத்தும் கொழுப்பு இல்லை என்று தெரியாதவரை சிப்பாய்களிடம் கொடுக்கக் கூடாது என்று கர்னல் டக்கர் அப்போதே எச்சரித்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொழுப்பு எந்த விலங்கினுடையது என்று கவனித்து வாங்கவில்லை என்பதை ஆயுதத் துறையே 1857-இல் ஒப்புக்கொண்டது.

விவரம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டம்டமில் பயிற்சி இன்னும் சுடும் கட்டத்தை எட்டவில்லை. ஜனவரி 27-லேயே கொழுப்பு இல்லாத தோட்டா கொடுக்கலாம், சிப்பாய்களே விரும்பிய எண்ணெயோ மெழுகோ பூசிக்கொள்ளலாம் என்று உத்தரவாயிற்று. பல்லால் கடிக்கவேண்டாம், கையால் கிழித்தால் போதும் என்று பயிற்சி முறையையும் மாற்றினார்கள். சந்தேகம் அடங்கவில்லை, கொழுப்பிலிருந்து தாளுக்குத் தாவியது. தாள் பளபளக்கிறதே, அதில் என்ன பூசியிருக்கிறார்களோ என்று. மார்ச் 29-இல் பாரக்பூரில் மங்கள் பாண்டே அதிகாரிகள்மீது சுட்டார். ஏப்ரல் 24-இல் மீரட்டில் குதிரைப்படையினர் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அவர்களுக்குக் கொடுத்தது புதிய என்ஃபீல்டு தோட்டா அல்ல, அவர்கள் ஏற்கெனவே பயன்படுத்திவந்த பழைய வகை. மே 9-இல் விலங்கு பூட்டினார்கள். மே 10-இல் மீரட் எழுந்தது.

அவத்தை விழுங்கியது, சம்பளக் குறைவு, கடல் கடந்தும் போகவேண்டும் என்ற 1856-ஆம் ஆண்டுச் சட்டம், நிலவரி என்று கலகத்துக்குப் பல காரணங்கள் இருந்தன. அவற்றை நாம் மறுக்கவில்லை. ஜல்காரி பாயையும் ஊதா தேவியையும் தலித் மக்கள் இன்றும் நினைவில் ஏந்தி வருகிறார்கள். அந்நியனை எதிர்த்த யாரையும் இழிவுபடுத்துவது நம் நோக்கமல்ல. நம் கேள்வி வேறு. சிப்பாயின் புண்பட்ட ஆசாரம் தேசத்தின் புண்ணாகப் பாடநூலில் ஏறியது. அதே நாளில், அதே இடத்தில், அதே சிப்பாயால் புண்பட்ட ஒரு மனிதனின் தாகம் ஏன் ஏறவில்லை? அந்தத் தாகத்துக்கும் 1927-இல் மகாட் சவுதார் குளத்துக்கும் இடையே எழுபது ஆண்டு இருக்கிறது, கேள்வி ஒன்றுதான்.

ரைஃபிளைப் பறித்த கதை

கலகத்துக்குப் பிறகு துப்பாக்கி வேகமாக மாறியது. 1866-இல் ஸ்னைடர் வந்தது. குழலின் பின்பக்கம் திறந்து உலோகத் தோட்டாவைச் செருகினால் போதும். 1871-இல் மார்ட்டினி-ஹென்றி. 1888-இல் பிரிட்டிஷ் படை லீ-மெட்ஃபோர்டை ஏற்றுக்கொண்டது. கடிக்கவேண்டாம், கிழிக்கவேண்டாம், இடிக்கவேண்டாம். மருந்தும் குண்டும் கேப்பும் பித்தளைக் கூட்டுக்குள் அடைபட்டுவிட்டன. தோட்டாவிலிருந்து தீட்டுப் பிரச்சினை ஒழிந்தது.

சரியாக அந்தக் காலத்தில்தான் தீட்டான கைகளிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கினார்கள்.

வங்காளப் படைபோல் அல்லாமல் பம்பாய், சென்னைப் படைகளில் நம்மவர்கள் நிறைய இருந்தார்கள். 1818 ஜனவரி 1-ஆம் நாள் பீமா ஆற்றங்கரையில் கோரேகாவுனில் பேஷ்வாவின் பெரும்படையை நாள் முழுக்கத் தடுத்து நின்ற பம்பாய்க் காலாட்படையில் மகர்கள் பெரும்பங்கு வகித்தார்கள். அவர்கள் கையில் இருந்ததும் வாய்வழி நிரப்பும் மஸ்கெட்தான். பல்லால் கடித்து, கோலால் இடித்து, தண்ணீர் இல்லாமல் சுட்டார்கள். அங்குள்ள நினைவுத் தூணில் 'நாக்' என்று முடியும் மகர் பெயர்கள் 22 பொறிக்கப்பட்டுள்ளன. அன்று அங்கே பீரங்கிகளை இயக்கியவர்கள் சென்னைப் பீரங்கிப் படையினர். சென்னையின் சாப்பர்ஸ் படையிலும் பறையர்கள் தலைமுறை தலைமுறையாகப் பணியாற்றினார்கள். பட்டாளம் நமக்குச் சோறு மட்டும் போடவில்லை. சிப்பாயும் அவன் பிள்ளைகளும் படிக்கப் பள்ளிக்கூடம் திறந்தது. அப்படிப் படித்தவர்தான் சுபேதார் ராம்ஜி. படைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த அவருக்கு 1891-இல் மோவ் பட்டாள நகரில் பிறந்த பிள்ளைதான் அண்ணல் அம்பேத்கர்.

பிள்ளைக்கு இரண்டு வயது ஆவதற்குள் கதவு சாத்தப்பட்டது. சென்னைப் படைக்கும் பிறகு இந்தியப் படை முழுவதற்கும் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், போர்க்குணம் சில இனங்களுக்கு மட்டுமே பிறவியில் வருவது என்று நம்பியவர். தெற்கத்தியர் நவீனப் போருக்கு லாயக்கில்லை என்பது அவர் முடிவு. சாதிவாரியாகப் படைப்பிரிவுகளை மாற்றியமைத்தபோது, 1892-93-இல் மகர்களைச் சேர்ப்பது நின்றது. ஓய்வுபெற்ற ஹவில்தார் கோபால் பாபா வலங்கர் 1894-இல் மனு எழுதினார். 1910-இல் சிவராம் ஜான்பா காம்ப்ளே லண்டனில் இருந்த இந்தியா மந்திரிக்கே மனு அனுப்பினார். எங்கள் பாட்டன்கள் துப்பாக்கி பிடித்தார்களே, எங்களுக்கு மட்டும் ஏன் பிடிக்கத் தெரியாது என்பதுதான் அந்த மனுக்களின் சாரம்.

மறுத்ததற்கு ஏதாவது தொழில்நுட்பக் காரணம் உண்டா? கிடையாது. பழைய துப்பாக்கியைவிடப் புதியது சுடுவதற்கு எளிது. ஆள் பற்றாக்குறை வந்ததும் வெள்ளையர்களின் 'இன' அறிவியல் காற்றில் பறந்தது. முதல் உலகப்போரில், 1917-இல் 111-ஆவது மகர் படைப்பிரிவைக் கட்டினார்கள், 1921-க்குள் கலைத்துவிட்டார்கள். அடுத்த போரில், 1941-இல் அண்ணல் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இடம்பெற்ற ஆண்டிலேயே, பெல்காமில் மகர் ரெஜிமெண்ட் பிறந்தது. 1946-இல் அதே ரெஜிமெண்டை இயந்திரத் துப்பாக்கிப் படைப்பிரிவாக மாற்றினார்கள். ரைஃபிளுக்கே லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்டவர்கள் கையில் விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கி! 1943-இல் கட்டிய சமார் ரெஜிமெண்டையோ போர் முடிந்த கையோடு 1946-இல் கலைத்தார்கள்.

டம்டமுக்கும் ஒரு பின்கதை உண்டு. 1890களில் அதே ஆயுதச் சாலையில் கேப்டன் பெர்ட்டி-கிளே என்பவர், உடலுக்குள் போனதும் விரிந்து கிழிக்கும் குண்டைச் செய்தார். 1899-இல் ஹேக் மாநாடு அந்த வகைக் குண்டைப் போரில் தடைசெய்தது. 'டம்டம் குண்டு' என்று உலக அகராதிகளில் அந்த ஊர் ஏறிவிட்டது. அங்கே தண்ணீர் கேட்டவனின் பெயர்தான் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

இன்று யார் கையில்?

1936-இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறார். இவ்வளவு கொடுமைக்குப் பிறகும் இந்த நாட்டில் ஏன் சமூகப் புரட்சி வரவில்லை? நால்வருணம் கீழே உள்ளவர்களுக்குக் கல்வியை மட்டுமல்ல, ஆயுதத்தையும் மறுத்தது என்பது அவர் சொல்லும் பதில்களில் ஒன்று. ஆயுதம் என்பது இங்கே வெறும் இரும்பல்ல, யாரை யார் அச்சுறுத்தலாம் என்ற சமூக அனுமதி.

1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியர்கள் உரிமம் பெறவேண்டும் என்றது, ஐரோப்பியர்களுக்கு விலக்குக் கொடுத்தது. உரிமம் பெற முடிந்த இந்தியர் யார்? நிலமும் செல்வாக்கும் உள்ளவர். 1959-இல் சுதந்திர இந்தியாவின் ஆயுதச் சட்டம் வந்தது. ஊரில் துப்பாக்கி யார் வீட்டுச் சுவரில் தொங்குகிறது என்பதை அது மாற்றவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணிக்கு வந்த நிலவுடைமையாளர் கூட்டத்தின் கையில் துப்பாக்கி இருந்தது. அந்தச் சூட்டுக்குப் பயந்துதான் நம் மக்கள் ஒரு குடிசைக்குள் ஒடுங்கினார்கள். 44 உயிர்கள் அங்கே எரிந்தன. 1997 டிசம்பர் 1 இரவு பீகாரில் லட்சுமண்பூர் பாதேயில் 58 பேரை ரன்வீர் சேனா சுட்டுக் கொன்றது. 2013-இல் பாட்னா உயர் நீதிமன்றம் தண்டிக்கப்பட்ட அனைவரையும் விடுவித்தது. கீழ்வெண்மணி வழக்கின் முடிவும் நமக்குத் தெரியும்.

எல்லோரும் துப்பாக்கி வாங்குங்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. சட்டம் ஏற்கெனவே சொல்வதைச் செய் என்கிறேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வந்த 1995-ஆம் ஆண்டு விதிகளில் மூன்றாவது விதியை எடுத்துப் படியுங்கள். வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள பகுதியை மாநில அரசு கண்டறியவேண்டும். தேவைப்பட்டால் அங்கே பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை ரத்துசெய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்யவேண்டும். சட்டவிரோத ஆயுதங்களைப் பறிமுதல் செய்யவேண்டும். தேவைப்பட்டால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிமம் வழங்கவேண்டும். இவ்வளவும் அதில் இருக்கிறது.

ஆகவே ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். மூன்றாவது விதியின்படி எங்கள் மாவட்டத்தில் எந்தெந்தக் கிராமங்கள் அடையாளம் காணப்பட்டன? எத்தனை உரிமங்கள் ரத்தாயின? எத்தனை துப்பாக்கிகள் கிடங்குக்கு வந்தன? பட்டியல் சாதியினர் எத்தனை பேர் உரிமம் கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது? நான்கே கேள்வி. பத்து ரூபாய்க் கட்டணம்.

குழலில் சேரும் கரியை ஒவ்வொரு தோட்டாவுக்கும் துடைத்தால்தான் குறி நேராகும் என்பார்கள். 1857-இல் அந்தக் கரியைத் துடைக்கக் கொழுப்பு காய்ச்சிய கைகளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கிடைக்கவில்லை. அந்த வரலாற்றில் படிந்திருக்கும் கரியை யாரும் நமக்காகத் துடைத்துத் தரப்போவதில்லை. மனுவை எழுதுங்கள், பதில் வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

ஜெய் பீம்!